மாமாவின் பென்சனும் எங்கள் வெங்காயமும்

மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

காலை எட்டு மணி இருக்கும். என் கணவர் நடராசா கிணற்றடியில் ஏற்றத் துலாவின் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவர் கிணற்று வாயில் நின்று பனையோலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்க்க, நான் வாய்க்காலைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தேன். மாமா பழுப்புக் கோட்டும் சப்பாத்துமாக, கையில் குடையோடு, வரம்பு வழியே அடிமேல் அடி வைத்து வந்தார். துலாவுக்குக் கீழே நின்று கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

“இண்டைக்கு முதலாம் தேதி” என்றார்.

“ஓம் ஐயா” என்றார் இவர் மேலிருந்து.

துலா சாய்ந்தது. இவர் மறுமுனைக்கு நடந்து போனார். அவர் திரும்பி வரும்வரை மாமா காத்திருந்தார்.

“பென்சன் வரேல்லை.”

“ஓம். யப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சிட்டான் எண்டு நீங்கள்தானே பேப்பர் வாசிச்சுச் சொன்னனீங்கள்.”

மறுபடி போனார். மறுபடி வந்தார்.

“அப்ப இனி ஆர் தாறது?”

“என்னத்தை?”

“பென்சனை.”

துலா நின்றது. பட்டை பிடித்தவர் பட்டையை மறந்து அண்ணாந்து பார்த்தார். நான் திருப்ப மறந்த தண்ணீர் ஏற்கெனவே நிரம்பிய பாத்தியை உடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் காணிக்குள் போனது.

முதலாம் தேதி விளையும் தோட்டம்

போன கிழமை என் கலியாணக் கதையை எழுதியிருந்தேன். ‘பென்சன்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனவருக்கு என்ன குறை இருந்திருக்கும்?’ என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்காகச் சற்றுப் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

மாமா மலாயாவில் ரயில்வேயில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருடமும் ஸ்டேசன் மாஸ்டர். என் மாமியார் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். மாமா பென்சன் எடுத்துக்கொண்டு இணுவிலுக்குத் திரும்பி வந்தபோது இரண்டு பெட்டி, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு சாய்வுகதிரை, மாதாமாதம் வரும் பென்சன் ஆகியவை கூட வந்தன. ஊர் மற்ற எல்லாவற்றையும் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனது. பென்சனைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மலாயாப் பென்சன்காரர் என்றால் தனி மதிப்பு. கோயிலில் முன்னுக்கு இடம் விடுவார்கள். வழக்குப் பேசக் கூப்பிடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுவதும் சுலபம். என்னுடைய அப்பு பண்டத்தரிப்பில் புகையிலைத் தோட்டம் செய்தவர். எனக்கு வந்த மூன்று சம்பந்தங்களில் இதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

“மழை பெய்தாலும் பெய்யாட்டிலும் முதலாம் தேதி விளையிற தோட்டம் அந்தாளிட்டை இருக்கு” என்றார் அம்மாவிடம்.

மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அம்மா கேட்டாராம். அதை அப்பு விசாரிக்கவில்லை.

மாப்பிள்ளை வெங்காயம் செய்தார். மாமாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் சிவகுரு பட்டணத்தில் இங்கிலீசு படித்துக் கொழும்பில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தார். அவரை நான் பெரியத்தான் என்பேன். இவர் இளையவர். இவர் இணுவிலில் அப்பாச்சியோடு இருந்து ஏழாம் வகுப்புப் படித்தபோது, காணியைப் பார்க்க ஒருவர் வேண்டும், பள்ளிக்கூடத்தை நிறுத்தவும் என்று மலாயாவிலிருந்து கடிதம் வந்ததாம். வீட்டில் அப்போது வாசிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இவரே அப்பாச்சிக்கு வாசித்துக் காட்டினாராம். ‘கடிதம் வாசிக்கிற அளவுக்குப் படித்துவிட்டான், அது போதும்’ என்றும் அதில் எழுதியிருந்ததாம். இவர் அதைச் சொல்லும்போது சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

மாமா ஒவ்வொரு மாதமும் கோட்டைப் போட்டுக்கொண்டு சுன்னாகத்தில் ரயில் ஏறிப் பட்டணத்தில் அரசாங்கக் கச்சேரிக்குப் பென்சன் எடுக்கப் போவார். வரும்போது சோனகத் தெருவிலிருந்து ஒரு கடதாசிச் சரை பேரீச்சம்பழமும் தனக்குச் சுருட்டும் வாங்கி வருவார். என் கையில் வீட்டுச் செலவுக்கென்று கொஞ்சம் தருவார். மிச்சத்துக்கு அவரே ராசா.

இடைக்கிடை அவர் உயிரோடிருப்பதாக ஒரு சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி அனுப்பவேண்டும். பென்சன் நின்ற பிறகும் ஒழுங்காகப் போய்க் கையெழுத்து வாங்கினார். “இனி எதுக்கு மாமா?” என்று கேட்டேன்.

“உயிரோடை இருக்கிறதை நிப்பாட்டச் சொல்லி ஒருத்தரும் எழுதேல்லையே, பிள்ளை” என்றார்.

இருவர் சொன்னதும் சரி

யுத்தத்தில் எல்லாருடைய மலாயாப் பென்சனும் நின்றதா, சிலருக்குத் தொடர்ந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு நின்றது. கேட்டு எழுதிய கடிதங்களுக்கு, பொறுத்திருக்கவும் என்று பதில் வந்தது.

அன்று தோட்டத்தில் தொடங்கிய பேச்சு மத்தியானச் சாப்பாட்டில் தொடர்ந்தது.

“சோறு தாறம். உடுப்பு வாங்கித் தாறம். சுருட்டும் வாங்கித் தாறன். பிறகு காசு என்னத்துக்கு, ஐயா?” என்றார் இவர்.

“சோறு நீ தாறது. பென்சன் நான் உழைச்சது. ரண்டும் வேறை வேறை.”

“நீங்கள் உழைச்சது மலாயாவிலை. நான் உழைக்கிறது இஞ்சை.”

“மலாயாவிலை நான் உழைச்ச காசிலைதான் அந்தக் கிணறு வெட்டினது.”

“அந்தக் கிணத்திலை இண்டைவரைக்கும் தண்ணி இறைச்சது நான்.”

இருவர் சொன்னதும் சரி. அதனால்தான் பேச்சு முடியவில்லை.

கடைசியில் மாமா ஒரு முடிவுக்கு வந்தார். அரசாங்கம் கைவிட்ட இடத்தில் பிள்ளைகள் நிற்கவேண்டும்; ஆளுக்குப் பாதி. கொழும்புக்கு எழுதினார்.

பெரியத்தானின் பதில் நல்ல கையெழுத்தில் மூன்று பக்கத்துக்கு வந்தது. தன் சம்பளத்திலும் விதவைகள் அநாதைகள் நிதிக்கென்று மாதம் தவறாமல் வெட்டுகிறார்கள், பிற்காலத்துக்குத் தானும் பார்க்கவேண்டும், ஐயாவின் பென்சனை ஐயா வேலை செய்த அரசாங்கம் தருவதுதான் முறை, தான் தருவது ஒரு தவறான முன்மாதிரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். மாமா அதை இரண்டு தரம் வாசித்தார்.

“அவன் விதவையளையும் அநாதையளையும் பாக்கிறானாம். நான் ரண்டும் இல்லை” என்று கண்ணாடியைக் கழற்றினார்.

ஆக, இவர் கொடுத்தார். மலாயா கொடுத்த அளவு இல்லை, பாதிதான். மற்றப் பாதி கொழும்பிலிருந்து வரவேண்டியது என்பதில் மாமா உறுதியாக இருந்தார். முதலாம் தேதி காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் சாய்வுகதிரையில் இருப்பார். இவர் தோட்டத்து மண் காலோடு வந்து காசை மேசையில் வைப்பார். இவர் போனபின் மாமா கோட்டைக் கழற்றுவார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது.

அந்த வருடம் வெங்காயத்துக்கு ஒருநாளும் இல்லாத விலை. சுன்னாகச் சந்தைக்கு வண்டில் போய்ச் சேருமுன்பே வியாபாரிகள் வழியில் மறித்தார்கள். எங்கள் காணிக்குக் கிழக்காலே இருந்த துண்டு அப்போது விலைக்கு வந்தது. நல்ல செம்மண். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் பார்த்து வைத்திருந்த துண்டு அது. கையில் இருந்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தோம். மாமாவுக்குக் கொடுத்தது அப்படியே இருந்திருந்தால் எட்டியிருக்கும். இருக்கவில்லை. புகையிலை வியாபாரி ஒருவர் வாங்கி, அடுத்த நாளே வேலி அடைத்தார்.

இவர் துலா மிதிக்கப் போனார். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தேன் என்பதுதான் சரி.

நான் கதைத்த கதை

அடுத்த போகம் கிண்டுகிற நேரம் பார்த்து மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. பாத்தியிலிருந்த வெங்காயம் பாத்தியிலேயே அழுகியது. கிண்டி எடுத்துக் கட்டித் தூக்கி வைத்த வெங்காயமும் மால் கொட்டிலுக்குள் அழுகியது. அந்த மணம் வீட்டுக்குள் வந்து, உடுப்பில் ஏறி, எங்கள் கைக்குழந்தையின் தலையில்கூட இருந்தது. விதைக்குக்கூடத் தேறவில்லை.

அந்த மாதமும் முதலாம் தேதி வந்தது.

மாமா கோட்டோடு விறாந்தையில் இருந்தார். இவர் விதை வெங்காயம் கடனுக்குக் கிடைக்குமா என்று பார்க்க விடியவே போய்விட்டார். நான் முற்றத்தில் இருந்து அழுகலைத் தெரிந்து பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கும் பார்த்தார்.

“நடராசா எங்கை, பிள்ளை?”

நான் எழும்பினேன். கை முழுக்க அழுகிய வெங்காயத் தோல்.

“மாமா, இந்த மாதம் இல்லை. இனி எப்ப எண்டும் தெரியாது. பெரியத்தானிட்டைக் கேளுங்கோ. பென்சன் வாற வேலைக்கெண்டு நீங்கள் படிப்பிச்சது அவரைத்தானே. இவரை நீங்கள் மண் கிண்டத்தானே விட்டனீங்கள். மண்ணிலை இப்ப உதுதான் கிடக்கு.”

கையை விரித்துக் காட்டினேன்.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்தில் சொன்னது என்று ஆகியிருக்கும்.

மாமா என் கையைப் பார்த்தார். பிறகு எழும்பிச் சப்பாத்தைப் போட்டார். குடையை எடுத்தார். படலையைத் திறந்து, வெளியே போய், திரும்ப ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனார்.

மத்தியானம் சோற்றுக்கு வரவில்லை. இவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஒரு சொல்லும் மறைக்கவில்லை. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

“என்னை ஏசுங்கோவன்” என்றேன்.

“பேசி என்ன? நீர் சொன்னது பொய்யே?” என்றுவிட்டுப் போனார். அதைவிட ஏசியிருக்கலாம்.

கோயிலடியில் பார்த்தார். சுன்னாகம் ஸ்டேசனில் கேட்டார். கொழும்பு ரயிலில் கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் ஏறினார் என்று ஒரு போர்ட்டர் சொன்னார். வேறொருவர், இல்லை, கிழவர் இறங்கினார் என்றார். இவர் தண்டவாள ஓரமாகவே இரண்டு மைல் நடந்து பார்த்துவிட்டு வந்தாராம். எதற்காக அப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது.

பொழுது சாயுமுன் படலை திறந்தது. மாமா முற்றத்தில் நின்று சப்பாத்தைக் கழற்றினார்.

“எங்கை போனனீங்கள் ஐயா?”

“வேலைக்கு” என்றார் மாமா. “நாளைக்கும் போகவேணும். எட்டு மணிக்கு. பிள்ளை, ஏழரைக்குச் சாப்பாடு இருந்தால் நல்லது.”

ஸ்டேசன் மாஸ்டரின் சங்கக்கடை

அரிசி, மா, சீனி எல்லாம் கூப்பனுக்கு வந்த காலம் அது. ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கக்கடை திறந்தார்கள். எங்கள் ஊர்க் கடைக்கு ஒரு மனேச்சரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவராக இருந்த வாத்தியாரிடம் போய், எனக்கு அந்த வேலை வேண்டும் என்று மாமா நேரே கேட்டிருக்கிறார். வாத்தியார் ஏதோ பகிடி என்று நினைத்தாராம். மாமா போகாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினாராம்.

ஊர் சிரித்தது. முகத்துக்கு நேரே அல்ல. இவர் போகிற இடமெல்லாம் அந்தச் சிரிப்பு இவருக்கு முன்னால் போயிருந்தது. ஒரு கிழமை பொறுத்தார். பிறகு சாப்பாட்டு நேரம் கேட்டார்.

“ஐயா, நான் கடன் பட்டெண்டாலும் தாறன். வேலையை விடுங்கோ. மகன் சோறு போடாமல் கடையிலை நிக்க விட்டிட்டான் எண்டு சனம் கதைக்குது.”

“கதைக்கிறவன் கூப்பனோடை என்னட்டைத்தானே வரவேணும். வரட்டும்.”

“எனக்கு வெக்கமா இருக்கு.”

“உனக்கு முப்பத்துமூண்டு வயது. பழகியிடும்.”

வந்தார்கள். மாமா கடையை ஸ்டேசன் மாதிரி நடத்தினார். எட்டு மணிக்குக் கதவு திறக்கும். ஒரு மணிக்குச் சாத்தும். ஒரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்க வந்தவருக்குச் சாமான் உண்டு. ஒரு நிமிடம் பிந்தி வந்தவர் சொந்தக்காரர் என்றாலும் அடுத்த நாள்தான். வாசலில் கயிறு கட்டி வரிசை வைத்தார். முதல் வந்தவர் முதல் வாங்கவேண்டும். அது சின்ன விசயம் என்று இன்றைக்கு வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். யாருக்குப் பின்னால் யார் நிற்பது என்பதற்காக வெட்டுக்குத்து நடந்த ஊர் எங்களுடையது. ஒரு பெரிய வீட்டுக்காரர் வரிசையைக் கடந்து நேரே மேசையடிக்கு வந்து பையை நீட்டினாராம்.

“டிக்கட் வாங்கிறவை வரிசையிலைதான் நிக்கிறது” என்றாராம் மாமா, தலையை நிமிர்த்தாமல். கோபித்துக்கொண்டு போனவர் மூன்றாம் நாள் வந்து வரிசையில் நின்றார். வீட்டில் சீனி முடிந்துவிட்டது.

நான் மட்டும் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். முதல் சம்பளத்தில் வீட்டுச் செலவுக்கென்று என் கையில் காசு வைத்தார். வாங்காவிட்டால் சாப்பிடமாட்டார் என்று தெரியும், வாங்கினேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

“மாமா, அண்டைக்கு நான் கதைச்சது...”

“எண்டைக்கு?”

“வெங்காயம் தெரிஞ்ச அண்டைக்கு.”

“என்ன கதைச்சனீ? எனக்கு இப்ப காது அவ்வளவு கேக்கிறேல்லை.”

கடை வாசலில் வரிசையின் கடைசியில் யாராவது முணுமுணுத்தால் பெயர் சொல்லிக் கண்டிப்பவர் அவர். அடுத்த நாளிலிருந்து முகத்தைப் பார்த்துச் சோறு போட்டேன்.

மலாயா திரும்பி வந்தது

யுத்தம் முடிந்து சில மாதத்தில் கடிதம் வந்தது. பென்சன் திரும்பத் தொடங்கும். நின்ற காலத்துக்கான நிலுவையும் மொத்தமாக வரும்.

அடுத்த கிழமை பெரியத்தான் ரயிலில் வந்து இறங்கினார். மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறார். ஐயாவின் உடம்பு எப்படி என்று பார்க்க வந்தாராம். நிலுவையை அவசரப்பட்டுச் செலவழிக்காமல் குடும்ப நன்மைக்குப் பாதுகாக்கவேண்டும் என்றும், தன் மூத்த மகளுக்கும் வயது வருகிறது என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

நிலுவை வந்த அன்று மாமா அதை இரண்டு கட்டாக்கினார். ஒன்றைப் பெரியத்தானிடம் கொடுத்தார். ஒன்றை இவரிடம் கொடுத்தார். இரண்டும் ஒரே அளவு.

ஒரு வருடம் வெங்காயம் விற்றுக் கொடுத்தவருக்கும், மூன்று பக்கம் கடிதம் எழுதியவருக்கும் ஒரே அளவு. பெரியத்தான் அன்றைக்கே ரயில் ஏறினார். இவர் தன் கட்டைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

மாமா சங்கக்கடையிலிருந்து விலகினார். சங்கத்தார் கூட்டம் கூடி மாலை போட்டுப் பாராட்டிப் பேசினார்கள். இந்த வயதில் ஊருக்கு உழைத்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். மாதாமாதம் சங்கம் அவருக்கு ஒரு சிறு தொகை கொடுக்கும். சங்கத்தில் அதற்குக் காசு இல்லை; ஆகவே கடையில் நிறுக்கிற இரண்டு இளந்தாரிகளின் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். அவர்களும் ஒருநாள் வயது போகிறவர்கள்தானே என்றார். அந்த இருவரில் தம்பிராசா என்பவன் அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தான். இருவரும் சுவரோடு நின்று நிலத்தைப் பார்த்தார்களாம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மாமா எழும்பி, “பொடியளின்ரை சம்பளத்திலை கை வைக்கவேண்டாம். எனக்கு அப்பிடி ஒரு பென்சன் தேவையில்லை” என்றாராம். மாலையைக்கூடக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

இந்தச் செய்தி மாமாவுக்கு முன்னால் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டது.

மத்தியானம் இருவரும் சாப்பிட இருந்தார்கள். இவர் சோற்றைத் தொடவில்லை.

“ஐயா, ஒண்டு கேக்கட்டே?”

“கேள்.”

“சங்கத்துப் பொடியளின்ரை சம்பளத்தைத் தொடவேண்டாம் எண்டு சொன்னீங்களாம்.”

“ஓம்.”

“நானும் பொடியனாத்தான் இருந்தனான். ஒரு வரியத்துக்கு மேலை வெங்காயம் வித்து மேசையிலை வைச்சனான். ஒருநாளும் உப்பிடி ஒரு கதை உங்கடை வாயிலை வரேல்லையே.”

இத்தனை வருடத்தில் இவர் தனக்காகத் தகப்பனாரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவென்று நினைக்கிறேன். நான் சொதிச் சட்டியோடு நின்றேன்.

மாமா சோறு பிசைவதை நிறுத்தவில்லை.

“அதுகள் ஆற்றையோ பிள்ளையள். அதுகளிட்டை வாங்க எனக்கென்ன உரித்து? நீ என்ரை பிள்ளை. வாங்கினன்.”

“அண்ணையும் உங்கடை பிள்ளைதானே.”

மாமா கையை நிறுத்தினார்.

“அவனிட்டைக் கேட்டன்” என்றார். “உன்னட்டை வாங்கினன்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “சொதி கொஞ்சம் விடு, பிள்ளை” என்றார்.

விட்டேன். இவர் தன் சோற்றுக் கோப்பையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். கொஞ்சம் சோறு கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டார். எழும்பிக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகத்தில் ஊற்றினார். இன்னொரு வாளி அள்ளி அதையும் முகத்தில் ஊற்றினார். சட்டை முழுக்க நனைந்துபோயிருந்தது.

துவாயைக் கொண்டுபோய்க் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.